நிலையாக ஓடுவது வேறு, இரைச்சலின்றி ஓடுவது வேறு: மோட் லாக்டு ஃபைபர் லேசர் ஓர் அறிமுகம்

நான் முதன்முதலாகக் கட்டிய ஃபைபர் லேசரைப் பார்த்தால் யாரும் அதை லேசர் என்று நம்ப மாட்டார்கள். டிபன் கேரியர் மூடி அளவுக்குச் சுருட்டிய நாலு மீட்டர் கண்ணாடி இழை, அதை மேசையோடு பிடித்துவைத்த செலோ டேப், ஓரத்தில் ஒரு சின்ன டயோடு. அவ்வளவுதான். காலையில் அருமையாக ஓடும். ஆஸிலோஸ்கோப் திரையில் வேலிக்கு நட்ட கம்பிகள்போல ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் ஒளித்துடிப்புகள் வரிசையாக நிற்கும். பதினொரு மணி வாக்கில் யாராவது ஏசியைப் போடுவார்கள். குளிர்காற்று இழைமேல் பட்டதும் வேலி மொத்தமும் சரிந்துவிடும். திரையில் ஒழுங்கில்லாத மினுக்கல் மட்டும் மிஞ்சும்.

ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, இழையை நுரைப்பஞ்சு ஒட்டிய பெட்டிக்குள் வைத்து மூடினேன். அப்புறம் நாள்கணக்கில் விழாமல் ஓடியது. லேசர் ஸ்டேபிள் ஆகிவிட்டது என்று பெருமையோடு மூத்த ஆய்வாளர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சரிப்பா, நாய்ஸ் எவ்வளவு?"

விழாமல் ஓடுகிறதே, இதற்குமேல் என்ன நாய்ஸ் என்றுதான் அன்று தோன்றியது. நிலைத்தன்மையும் இரைச்சலும் ஒரே விஷயத்தின் இரண்டு பெயர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவை இரண்டும் வேறு வேறு. பல நேரங்களில் ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது கெடும். அது எப்படி என்பதற்கு முன்னால், இந்த லேசர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

25,000 பேர் கைதட்டும் மண்டபம்

ஃபைபர் லேசரின் உடம்பு எளிமையானது. கண்ணாடி இழையின் நடுத்தண்டில் எர்பியம் என்ற தனிமத்தைத் துளியளவு கலந்திருப்பார்கள். 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள டயோடு லேசரின் ஒளியை (பம்ப் என்று இதைச் சொல்வார்கள்) உள்ளே செலுத்தினால், எர்பியம் அந்த ஆற்றலை வாங்கிச் சேமித்துக்கொள்ளும். 1550 நானோமீட்டர் ஒளி அந்த வழியாகப் போகும்போது சேமித்ததை அதற்குக் கொடுத்துப் பெருக்கிவிடும். கடலடி இணையக் கேபிள்களில் களைத்துப்போன ஒளியை வழிநெடுகத் தூக்கிவிடுவதும் இதே எர்பியம்தான். 1987இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் அதைச் செய்துகாட்டினார்கள். எர்பியம் இழையின் இரு முனைகளையும் சாதாரண இழையால் இணைத்து வளையமாக்கினால் ஒளி சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சத்தை வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

வளையத்துக்குள் எல்லா அலையும் நிலைத்துவிடாது. ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது அலையின் முகடு பழைய முகட்டின் மேலேயே வந்து உட்கார வேண்டும். அப்படிப் பொருந்துகிற அதிர்வெண்களுக்கு மோட்கள் என்று பெயர். நாலு மீட்டர் கண்ணாடி வளையத்தை ஒளி ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 20 நானோவினாடி ஆகிறது. வினாடிக்கு 5 கோடி சுற்று. அதனால் அடுத்தடுத்த மோட்களுக்கு இடையே 50 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கும். லேசர் 10 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளிர்ந்தால் அதற்குள் சுமார் 25,000 மோட்கள் அடங்கும்.

இப்போது ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்யுங்கள். ஆளுக்கொரு வேகத்தில் கைதட்டுகிறார்கள். ஒருவர் நிமிடத்துக்கு 100 முறை, அடுத்தவர் 101 முறை, அதற்கடுத்தவர் 102 முறை. அவரவர் இஷ்டத்துக்குத் தொடங்கியிருந்தால் கேட்பது வெறும் சலசலப்பு. எல்லாரும் ஒரே கணத்தில் தொடங்கியிருந்தால் கதை மாறுகிறது. சரியாக நிமிடத்துக்கு ஒருமுறை அத்தனை பேர் கையும் ஒன்றாக விழும். 'டமார்' என்று ஒரு சத்தம். இடையில் சத்தங்கள் சிதறிப்போகும். மோட் லாக்கிங் என்பது இதுதான். மோட்களின் கட்டங்களை, அதாவது எது எப்போது முகட்டைத் தொடுகிறது என்பதை, ஒன்றோடொன்று பூட்டிவிட்டால், சலசலத்துக்கொண்டிருந்த ஒளி கூரான துடிப்புகளாகத் திரண்டுவிடும்.

எவ்வளவு கூர்? நம் லேசரில் ஒரு துடிப்பு 250 ஃபெம்டோவினாடி நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஃபெம்டோவினாடி என்பது வினாடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இப்படிச் சொன்னால் மனதில் நிற்காது. துடிப்பின் நீளத்தை ஒரு வினாடியாக நீட்டிப் பார்த்தால், அடுத்த துடிப்புக்கு 22 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நாலு மீட்டர் வளையத்துக்குள் தலைமுடித் தடிமனுக்கு ஒரு ஒளித்துண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற இடமெல்லாம் இருட்டு. வெளியே வரும் சராசரித் திறன் 5 மில்லிவாட்தான் என்றாலும், துடிப்பின் உச்சியில் அது 350 வாட்டைத் தொடும். கண் மருத்துவமனைப் பலகைகளில் 'ஃபெம்டோ லாசிக்' என்று பார்த்திருப்பீர்களே, அதற்கு அடிப்படையும் இப்படிப்பட்ட துடிப்புகள்தான். ஆற்றலை மட்டும் பெருக்கிக்கொள்கிறார்கள்.

சரி, மண்டபத்தில் இருப்பவர்களை ஒன்றாகத் தட்டவைப்பது யார்? 1964இல் பெல் ஆய்வகத்தின் ஹார்க்ரோவ், ஃபோர்க், பொல்லாக் மூவரும் ஹீலியம்-நியான் லேசருக்கு வெளியிலிருந்து தாளம் போட்டார்கள். இன்றைய ஃபைபர் லேசர்களில் பெரும்பாலும் வெளித்தாளம் கிடையாது. மெல்லிய ஒளிக்கு அதிக இழப்பையும் பலத்த ஒளிக்குக் குறைந்த இழப்பையும் கொடுக்கிற ஒரு உறுப்பை வளையத்தில் வைக்கிறார்கள். ஏழைக்கு வரி, பணக்காரனுக்கு விலக்கு. இதற்குத் தெவிட்டும் உறிஞ்சி என்று பெயர் வைக்கலாம்: கொஞ்சம் ஒளி வந்தால் விழுங்கிவிடும், நிறைய வந்தால் திகட்டிப்போய் வழிவிட்டுவிடும். உர்சுலா கெல்லர் 1992இல் அறிமுகப்படுத்திய செசாம் என்ற குறைக்கடத்தி ஆடி ஒரு வகை. இழைக்குள் ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளியலை அதிரும் திசை, அதன் செறிவைப் பொறுத்துத் திரும்புவதைப் பயன்படுத்தி, சரியாகத் திரும்பிய பலத்த ஒளியை மட்டும் வடிகட்டி அனுப்புவது இன்னொரு வகை. ஒளியை இரண்டாகப் பிரித்து ஒரு கண்ணியில் எதிரெதிர் திசையில் அனுப்பி மறுபடி சந்திக்கவைப்பது மூன்றாவது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேசரைப் போட்ட கணத்தில் துடிப்பே இருக்காது. தன்னிச்சையாக உமிழப்பட்ட ஒளி தாறுமாறாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் தற்செயலாகக் கொஞ்சம் உயரமாக எழுந்த ஒரு முகட்டுக்கு உறிஞ்சி சலுகை காட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது வளர்ந்து, மற்றதெல்லாம் மடிந்துபோகிறது. எந்த இரைச்சலைப் பிறகு திட்டப்போகிறோமோ அதுதான் துடிப்புக்குத் தாய்.

பிளந்த மூங்கிலில் ஒரு கோலி

நீளவாக்கில் பாதியாகப் பிளந்த ஒரு மூங்கிலைத் தரையில் மட்டமாக வையுங்கள். அதற்குள் ஒரு கோலிக்குண்டைப் போடுங்கள். பக்கவாட்டில் தட்டினால் கோலி சுவரில் ஏறி மறுபடி நடுவுக்கு இறங்கிவிடும். நீளவாக்கில் தட்டினால்? எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அதன் இடம். திரும்ப அழைக்க அங்கே சுவர் இல்லை.

வளையத்தில் ஓடும் துடிப்பு இந்தக் கோலிதான். அதன் ஆற்றலுக்குச் சுவர் உண்டு. ஆற்றல் கூடினால் எர்பியத்தின் சேமிப்பு கரைந்து பெருக்கம் குறையும். ஆற்றல் குறைந்தால் சேமிப்பு மிஞ்சிப் பெருக்கம் கூடும். அதன் நடு அலைநீளத்துக்கும் சுவர் உண்டு, ஆனால் தாழ்ந்த சுவர்: எர்பியம் எந்த அலைநீளத்தை அதிகம் விரும்புகிறதோ அங்கே மெல்ல இழுத்து வரும். துடிப்பு எந்த நேரத்தில் வருகிறது என்பதற்குச் சுவரே கிடையாது. ஒரு துடிப்பு தாமதமாக வந்தால் 'நீ தாமதம்' என்று சொல்ல வளையத்துக்குள் கடிகாரம் எதுவும் இல்லையே. துடிப்புதான் கடிகாரம்.

நிலைத்தன்மை பற்றிய கேள்வி, சுவர் இருக்கிறதா, எவ்வளவு உயரம், எப்போது உடையும் என்பது. இரைச்சல் பற்றிய கேள்வி, சுவருக்கு உள்ளேயே கோலி எவ்வளவு ஆடுகிறது என்பது. உயர்ந்த சுவருக்குள் நாள்முழுக்க ஆடிக்கொண்டிருக்கும் கோலியும் உண்டு. உடையப்போகும் சுவருக்குள் அசையாமல் இருக்கும் கோலியும் உண்டு. என் லேசர் முதல் வகை.

லேசர் விழும் விதங்கள்

ஏசிக் காற்றுக்கு என் லேசர் ஏன் விழுந்தது என்பது சுலபம். நான் பயன்படுத்தியது தளவிளைவு முறை. இழையைத் தொட்டாலும் வளைத்தாலும் சூடாக்கினாலும் உள்ளே ஒளியின் தளவிளைவு மாறும். மாறியதும் வடிகட்டி யாருக்குச் சலுகை காட்ட வேண்டும் என்பதை மறந்துவிடும். தளவிளைவைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும் தனிவகை இழைகள் உண்டு. அவற்றில் இந்தத் திரும்பல் வித்தையைச் சாதாரணமாகச் செய்ய முடியாது. ஆகவே செசாமையோ கண்ணி முறையையோ வைத்துக் கட்டுவார்கள். அப்படிக் கட்டியவை முரட்டு உறுதி கொண்டவை. 2015இல் ஸ்வீடனின் வடகோடியிலிருந்து கிளம்பிய டெக்சஸ் 51 ஆய்வு ராக்கெட்டில் ஒரு ஃபைபர் லேசர் அதிர்வெண் சீப்பை (மோட்கள் சீப்பின் பற்கள்போலச் சம இடைவெளியில் நிற்கும் லேசர்) ஏற்றி அனுப்பினார்கள். ராக்கெட் குலுக்கலையே தாங்குகிறது என்றால் ஏசியெல்லாம் எம்மாத்திரம்.

வெளியிலிருந்து யாரும் தொடாமலே லேசர் தானாகத் தடம்புரள்வதுதான் இன்னும் சுவாரசியம். முதலில் கியூ-ஸ்விட்சிங். எர்பியத்தை ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி என்று நினையுங்கள். அதன் சேமிப்பு நேரம் சுமார் 10 மில்லிவினாடி. ஒளி ஒரு சுற்று வர ஆகும் நேரத்தைப்போல இது ஐந்து லட்சம் மடங்கு. துடிப்பின் ஆற்றல் தற்செயலாகக் கொஞ்சம் கூடுகிறது. உறிஞ்சி உடனே இழப்பைக் குறைத்து இன்னும் வளர்த்துவிடுகிறது. தடுக்க வேண்டியது தொட்டிதான். ஆனால் அதன் நீர்மட்டம் இறங்குவதற்குள் துடிப்பு பூதாகரமாகிவிடுகிறது. பிறகு தொட்டி காலி, ஒளி அவிந்துபோகிறது. மறுபடி நிரம்புகிறது, மறுபடி வெடிக்கிறது. திரையில் வேலிக்கம்பிகள் எல்லாம் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்கும், வினாடிக்குப் பல ஆயிரம் முறை. பம்ப் திறன் குறைவாக இருக்கும்போதுதான் இது வரும். அந்தப் பெரிய துடிப்பு செசாமின் முகத்தில் ஓட்டை போட்டுவிடுவதும் உண்டு, விலையைக் கேட்டால் கண்ணீர் வரும்.

சரி, பம்பைக் கூட்டிவிடலாமே? கூட்டலாம், ஓர் எல்லை வரை. 1550 நானோமீட்டரில் சாதாரண இழைக்குள் ஓடும் துடிப்பு ஒரு சாலிட்டான். ஒவ்வொரு அலைநீளமும் ஒவ்வொரு வேகத்தில் போவதற்கு நிறப்பிரிகை என்று பெயர். அது துடிப்பை விரிக்கப் பார்க்கும், ஒளிச்செறிவால் ஒளிவிலகல் எண் மாறுவது அதைச் சுருக்கப் பார்க்கும். இரண்டும் சமன்பட்டு உருவம் கலையாமல் போகும். 1834இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையில் துரத்திச் சென்று பார்த்த தண்ணீர் அலையின் கண்ணாடிச் சகோதரன் இது. இந்தச் சமநிலைக்கு ஒரு விலை: துடிப்பின் நீளத்தைச் சொன்னால் ஆற்றலும் தீர்மானமாகிவிடும். சாதாரண இழையில் அது நானோஜூலில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவுதான். அதற்குமேல் ஊட்டினால் துடிப்பு கொழுக்காது, இரண்டாகப் பிளந்துகொள்ளும். இன்னும் ஊட்டினால் மூன்று. சில நேரம் அவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஜோடியாகச் சுற்றும். சில நேரம் திசைக்கொன்றாக அலையும். பம்பைக் குறைத்தால் உடனே பழைய ஒற்றைத் துடிப்புக்குத் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிளந்த புள்ளியைவிட நன்றாகக் கீழே இறங்கினால்தான் மறுபடி ஒன்றாகும். ஒரே பம்ப் எண்ணில் லேசர் இரண்டு நிலைகளில் இருக்க முடியும், எந்த வழியாக வந்தீர்கள் என்பதைப் பொறுத்து. ஆய்வகக் குறிப்பேட்டில் '220 மில்லிஆம்பியர், ஒற்றைத் துடிப்பு' என்று மட்டும் எழுதிவிட்டு மறுநாள் முழிப்பது இதனால்தான். மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்றும் எழுத வேண்டும்.

மிகப் பொல்லாதது வேறொன்று. ஆஸிலோஸ்கோப்பில் வேலி அழகாக நிற்கும். நிறமாலை வழவழவென்று அகலமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு 'துடிப்பு'க்குள்ளும் ஒழுங்கில்லாத நூற்றுக்கணக்கான குட்டிச் சில்லுகள் கொதித்துக்கொண்டிருக்கும். இரைச்சல்போன்ற துடிப்பு என்று இதற்குப் பெயர். ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோடயோடும் அதைத் திரையில் வரையும் ஆஸிலோஸ்கோப்பும் பிகோவினாடிகளின் பத்துக்கணக்குக்குக் கீழே பார்க்கத் தெரியாதவை. மூட்டையை எண்ணுமே தவிர உள்ளே அரிசியா உமியா என்று சொல்லாது. துடிப்பைத் தன்னோடு தானே ஒப்பிட்டுப் பார்க்கும் ஆட்டோகோரிலேட்டரில் போட்டால் குட்டு உடையும்: அகலமான மேட்டின் உச்சியில் ஊசிபோல ஒரு முள். புதிதாக வருபவர்கள் அந்த முள்ளை மட்டும் அளந்து, '100 ஃபெம்டோவினாடித் துடிப்பு கிடைத்துவிட்டது' என்று கொண்டாடுவார்கள். நானும் கொண்டாடியிருக்கிறேன், ஒரு மாலை முழுக்க.

காலப்பிரமாணம் ஓடுகிறது

இனி இரைச்சல். துடிப்பின் ஆற்றல் ஆடுவது ஒன்று, அதன் நேரம் ஆடுவது இன்னொன்று. மிருதங்கக்காரர் சில அடிகளைப் பலமாகவும் சிலவற்றை மெதுவாகவும் அடிப்பது முதல் வகை. அடி விழும் நேரமே முன்பின்னாவது இரண்டாவது.

ஆற்றல் ஆட்டத்தின் பெரும்பங்கு பம்ப் டயோடிலிருந்து வருகிறது. டயோடுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி ஆடினால் பம்ப் ஒளி ஆடும், பம்ப் ஒளி ஆடினால் லேசர் ஆடும். ஆனால் எல்லா ஆட்டமும் உள்ளே போவதில்லை. கீழே மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மேலே தொட்டி பெரிதாக இருந்தால் குழாயில் தண்ணீர் சீராகத்தானே வரும்? எர்பியம் தொட்டியும் அப்படித்தான். பத்து கிலோஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கி அதற்கு மேற்பட்ட வேகமான பம்ப் ஆட்டங்களை அது விழுங்கிவிடும். மெதுவான ஆட்டங்கள் மட்டும் அப்படியே வெளியே வரும். முன்னே பார்த்தோமே, கியூ-ஸ்விட்சிங்கைத் தடுக்க வக்கில்லாத சோம்பேறித் தொட்டி. இரைச்சல் விஷயத்தில் அதே சோம்பல்தான் நம்மைக் காப்பாற்றுகிறது.

இதற்கும் கீழே ஓர் அடித்தளம் இருக்கிறது. ஒளி துகள்களாக வருவதால் ஏற்படும் இரைச்சல் அது. நம் லேசரின் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 78 கோடி ஃபோட்டான்கள். அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் 28,000. துடிப்புக்குத் துடிப்பு அந்த அளவுக்கு எண்ணிக்கை ஏறி இறங்கும், நீங்கள் என்ன செய்தாலும். ஒரு மில்லிவாட் ஒளியை அளந்தால் இந்த அடித்தளம் ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்கு மைனஸ் 156 டெசிபல் என்ற இடத்தில் படுத்திருக்கும்.

நேரத்துக்கு வருவோம். எர்பியம் ஒளியைப் பெருக்கும்போது, கேட்காமலே தன் பங்குக்கும் சில ஃபோட்டான்களைத் தாறுமாறான நேரங்களில் உமிழ்கிறது. துடிப்பின் முன்பக்கத்தில் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தால் துடிப்பின் நடுப்புள்ளி ஒரு மயிரிழை முன்னே நகரும். பின்பக்கம் சேர்ந்தால் பின்னே. இந்த உதை மிகச் சிறியது. ஆனால் மூங்கிலின் நீளவாக்கில் சுவர் இல்லை என்று பார்த்தோம் அல்லவா? நகர்ந்தது நகர்ந்ததுதான். அடுத்த சுற்றில் அங்கிருந்து மேலும் ஒரு உதை. குடிகாரன் நடைபோல இது வளரும்: சுற்றுகளின் எண்ணிக்கை நூறு மடங்கானால் விலகல் பத்து மடங்காகும். கணக்குக்கு, சுற்றுக்கு ஒரு அட்டோவினாடி உதை என்று வைப்போம். அட்டோவினாடி என்பது ஃபெம்டோவினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி ஓர் அணுவின் அகலத்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் போயிருக்கும். 5 கோடி சுற்றுக்குப் பிறகு, அதாவது ஒரே வினாடியில், துடிப்பு 7 ஃபெம்டோவினாடி விலகியிருக்கும்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். சபையில் யாரும் மெட்ரோனோம் வைத்துக்கொள்வதில்லை. பாடகர் ஒவ்வொரு ஆவர்த்தனத்தையும் முந்தையதன் நினைவிலிருந்துதான் எடுக்கிறார். ஒவ்வொன்றிலும் துளி வேகம் கூடினால் பல்லவி முடியும்போது காலப்பிரமாணம் ஓடியிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஆவர்த்தனத்திலும் குற்றம் சொல்ல முடியாது.

நேர நடுக்கத்துக்கு இன்னொரு மறைமுக வழியும் உண்டு. தன்னிச்சை உமிழ்வு துடிப்பின் நடு அலைநீளத்தையும் தள்ளிவிடுகிறது. நிறப்பிரிகை உள்ள இழையில் அலைநீளம் மாறினால் வேகம் மாறும். வேகம் மாறினால் வந்துசேரும் நேரம் மாறும். அலைநீளத்தின் சுவர் தாழ்ந்தது என்பதால் அது பழைய இடத்துக்கு வரப் பல சுற்றுகள் ஆகும். அதுவரை நேரப் பிழை சேர்ந்துகொண்டே இருக்கும். ஜேம்ஸ் கோர்டனும் ஹெர்மன் ஹவுஸும் 1986இல் நெடுந்தொலைவுத் தகவல் தொடர்புக்காக எழுதிய கணக்கு இது. பிறகு லேசர் வளையத்துக்கும் அப்படியே பொருந்தியது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த முரண் இருக்கிறது. கோர்டன்-ஹவுஸ் நடுக்கத்தைக் குறைக்க வேண்டுமா? வளையத்தின் மொத்த நிறப்பிரிகையைச் சுழிக்கு அருகே கொண்டுவர வேண்டும். எதிர்க்குறி கொண்ட இழைத்துண்டு ஒன்றைச் சேர்த்தால் ஆயிற்று. 1993இல் எம்ஐடியில் தமுரா, இப்பன், ஹவுஸ், நெல்சன் ஆகியோர் காட்டிய விரிதுடிப்பு லேசர் இந்தப் பாதையில் போனது. துடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கும். ஆற்றலும் அதிகம் தாங்கும். ஆனால் நம் பழைய சாலிட்டான் லேசர் தானாகத் தொடங்கும், ஏடாகூடமாக வைத்தாலும் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும், அதற்குக் காரணமே அந்த நிறப்பிரிகைதான். அதைச் சுழியாக்கும்போது மூங்கிலின் சுவரையும் கொஞ்சம் செதுக்குகிறோம். உறிஞ்சி விஷயத்திலும் இப்படித்தான். தளவிளைவு முறை கண்ணிமைப்பதற்குள் வேலை செய்வதால் துடிப்பு கூராக, நடுக்கம் குறைவாக இருக்கும், ஏசிக்கு விழும். செசாம் பொத்தானை அழுத்தினால் கிளம்பும், விழாது. மெதுவாக மீளும் என்பதால் பொதுவாக நடுக்கம் கொஞ்சம் கூடுதல். இரண்டும் ஒருசேர வேண்டும் என்று கேட்கும்போதுதான் பொறியியல் ஆரம்பிக்கிறது.

இரண்டும் முழுக்கப் பகைமை என்றும் சொல்லிவிட முடியாது. சுவர் தாழத் தாழக் கோலி அதிகமாக ஆடும். பம்பை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், துடிப்பு பிளக்கப்போகும் எல்லையை நெருங்கினால், பிளப்பதற்கு முன்பே ஆற்றல் இரைச்சல் ஏறத் தொடங்குவதைப் பல லேசர்களில் பார்க்கலாம். அதிகபட்சத் திறனில் ஓட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டு, எல்லையிலிருந்து பத்து சதவீதமாவது கீழே இறங்கி ஓட்டுவது என் வழக்கம்.

அளப்பதும் அடக்குவதும்

இதையெல்லாம் அளக்க முதலில் வேண்டியது ஒரு வேகமான ஃபோட்டோடயோடும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும். 50 மெகாஹெர்ட்ஸில் ஒரு கோபுரம் நிற்கும். 100, 150, 200 என்று அதன் மடங்குகளிலும் நிற்கும். கோபுரத்தின் இருபுறமும் சில பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளித் தோள்கள் முளைத்திருந்தால் கியூ-ஸ்விட்சிங் எட்டிப்பார்க்கிறது என்று அர்த்தம். அடிவாரம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது.

அடிவாரத்தில் தெரிவது ஆற்றல் ஆட்டமா, நேர நடுக்கமா என்று பிரிக்க ஒரு தந்திரம் உண்டு. ஃபான் டேர் லிண்டே 1986இல் விளக்கியது. ஆற்றல் ஆட்டம் எல்லாக் கோபுரங்களின் அடியிலும் ஒரே அளவில் இருக்கும். நேர நடுக்கமோ மடங்கு எண்ணின் வர்க்கமாக ஏறும்: பத்தாவது கோபுரத்தின் அடியில் நூறு மடங்கு. முதல் காலத்தில் பாடும்போது காதுக்கே தெரியாத தாளப் பிசகு, மூன்றாம் காலத்தில் அம்பலமாகிவிடுவது இதே காரணத்தால்தான். பிசகு அதே அளவு, ஆனால் அட்சரம் குறுகிவிட்டது.

மிக நல்ல லேசர்களுக்கு இந்த முறை போதாது. ஃபோட்டோடயோடின் சொந்த இரைச்சலே நடுக்கத்தை மூழ்கடித்துவிடும். அங்கே இரண்டு லேசர்களின் துடிப்புகளை ஒரு படிகத்துக்குள் மோதவிட்டு, ஒளியைக்கொண்டே ஒளியின் நேரத்தை ஒப்பிடுகிறார்கள். 2011இல் தென்கொரியாவின் கைஸ்ட் ஆய்வகத்தில் இந்த வழியில் அளந்தபோது, எர்பியம் ஃபைபர் லேசர்களின் வேகமான நடுக்கம் 100 அட்டோவினாடிக்கும் கீழே இருந்தது. இவ்வளவு துல்லியம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசர் இருக்கிறது. அதன் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எல்லாக் கருவிகளும் ஃபெம்டோவினாடிக் கணக்கில் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். அந்தத் தாளத்தைப் போடுவது ஒரு மோட் லாக்டு லேசர்.

அடக்குவதற்கு வழிகள் இரண்டு விதம். மெதுவான அலைச்சலை வெளியிலிருந்து கட்டலாம். இழையின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் நாலு மீட்டரின் ஒளிப்பாதை ஏறத்தாழ 40 மைக்ரான் மாறும். 50 மெகாஹெர்ட்ஸ் தாளம் சில நூறு ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். இதை ருபீடியம் அணுக் கடிகாரம் ஒன்றோடு ஒப்பிட்டு, இழையை ஒட்டியுள்ள பீசோ துண்டுக்கு (மின்னழுத்தம் கொடுத்தால் துளி நீளும் பொருள்) மின்னழுத்தம் கொடுத்து இழுத்துப் பிடிக்கலாம். மூங்கிலின் நீளவாக்கில் நாமே ஒரு சுவர் வைப்பதுபோலத்தான் இது. ஆனால் பீசோவுக்கு வேகம் போதாது. சில பத்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதற்கு மூச்சு வாங்கும். அதற்கு மேற்பட்ட நடுக்கத்தைப் பூட்டுச்சாவி எதுவும் தொடாது. நிறப்பிரிகை எவ்வளவு, இழப்பு எவ்வளவு, துடிப்பு எவ்வளவு குறுகியது என்று கட்டும்போதே கவனித்திருக்க வேண்டும்.

என் டிபன் கேரியர் லேசரைக் கடைசியில் அளந்தேன். ஆற்றல் இரைச்சல் வரைபடத்தில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக முட்கள். கரண்ட் கம்பியின் ரீங்காரம், பம்ப் டயோடின் மின்பெட்டி வழியாக நுழைந்திருந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டு பேட்டரி வைத்து ஓட்டினேன். முட்கள் போய்விட்டன. கணினியில் கூட்டிப் பார்த்து வந்த சதவீதத்தைத் தாளில் எழுதிக்கொண்டு அந்த மூத்த ஆய்வாளரிடம் போனேன்.

எண்ணைப் பார்த்தார். "நல்லா இருக்கே," என்றார். "எந்த அதிர்வெண்ணிலிருந்து எது வரைக்கும் கூட்டினே?"

நான் 10 கிலோஹெர்ட்ஸிலிருந்து தொடங்கியிருந்தேன். ஏசியின் அதிர்வும், மேசைக்கு அடியில் ஓடிய மின்விசிறியும் எல்லாம் அதற்குக் கீழே இருந்தன. தாளை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய், 10 ஹெர்ட்ஸிலிருந்து மறுபடி கூட்டினேன்.